எங்கே எரிகிறது என்று யாரும் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் பகுதியில் சென்ற வாரம் வெளிவந்த கோடைக்கால உடல்நலக் குறிப்புகளில், பெண்களுக்குப் பிறப்புறுப்பில் ஏற்படும் எரிச்சலுக்கு உடற்சூடே காரணம் என்றும், இளநீரும் நுங்கும் பதநீரும் சாப்பிட்டு வந்தால் ஒரு வாரத்தில் அடங்கிவிடும் என்றும் எழுதப்பட்டிருந்தது. பதநீரோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. எங்கள் பக்கத்தில் அதைப் பயினி என்போம்; அக்கினி நட்சத்திர வெயிலில் ஓலைப் பட்டையில் வாங்கிக் குடிக்கும் பயினிக்கு ஈடாக வேறொன்றைச் சொல்லவும் முடியாது. ஆனால் நான்கு கோடைகள் அதைக் குடித்தும் என் எரிச்சல் ஒரு நாள்கூட அடங்கவில்லை. அந்த நான்கு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டவற்றை, அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு இன்னொரு கோடையும் காத்திருக்கலாம் என்று எண்ணும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு வயது 63. அம்பாசமுத்திரம் வட்டத்தில் பிறந்து, பாளையங்கோட்டையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. மாதவிலக்கு நின்று ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, இரவில் மட்டும் ஓர் அரிப்பாகத் தொடங்கியது, சில மாதங்களில் பகலிலும் எரியத் தொடங்கியது. இங்கே ‘காந்துது’ என்று ஒரு சொல் வழங்குகிறோம். மிளகாய் அரைத்த கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் வருவது காந்தல். அந்தக் காந்தல் நடக்கும்போதும் இருந்தது, உட்காரும்போதும் இருந்தது, பருத்திச் சேலையின் மடிப்பு பட்டாலும் இருந்தது. நான்கு ஆண்டுகளில் எனக்கு எழுதித் தரப்பட்ட மருந்துச் சீட்டுகள் பதினொன்று. அவற்றை ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். இரண்டு சிறுநீர்த் தொற்றுக்கு, ஐந்து பூஞ்சைத் தொற்றுக்கு, ஒன்று வயிற்றுப் பூச்சிக்கு, மற்றவை தூக்கத்துக்கும் சத்துக்குமானவை. இந்தப் பதினொரு சீட்டுகளில் ஒன்றுகூட என்னைப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு எழுதப்பட்டதல்ல.

இதில் மருத்துவர்களை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. அடுத்த நோயாளி கதவருகில் நிற்க, ‘கீழே கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது’ என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்தவள் நான்தான். பார்க்கட்டுமா என்று ஒரு மருத்துவர் கேட்டபோது, ‘வேண்டாம் டாக்டர், மாத்திரை போதும்’ என்று சொன்னதும் உண்டு. சங்கப் பாடல்களில் பெண்ணின் மறைவிடத்தைச் சுட்டும் ‘அல்குல்’ என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் முப்பது ஆண்டுகளாக ‘இடை’ என்று பொருள் சொல்லி அவசரமாகக் கடந்துவந்த ஒரு தமிழாசிரியைக்கு, மருத்துவரின் முன்னால் மட்டும் சொல் எங்கிருந்து வரும்?

சொல் இல்லாததால் வரும் முதல் தவறு இடக்குழப்பம். ‘எரிச்சல்’ என்றால் கேட்பவர் நீர்க்கடுப்பு என்று எடுத்துக்கொள்கிறார். ‘கீழே’ என்றால் கருப்பையிலிருந்து வரும் வெள்ளைப்படுதல் என்று எடுத்துக்கொள்கிறார். ஆனால் என் நோய் சிறுநீர்ப்பையிலும் இல்லை, கருப்பையிலும் இல்லை, உள்ளே செல்லும் யோனிக் குழாயிலும் இல்லை. அவற்றுக்கெல்லாம் வெளியே, இதழ்களும் அவற்றுக்கு இடைப்பட்ட வாயிலும் அடங்கிய தோற்பகுதியில் இருந்தது. அதை மருத்துவத்தில் வல்வா என்கிறார்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறதென்றால், நீர் இறங்கும் முன்பே உள்ளே கடுக்கிறதா, அல்லது இறங்கிய நீர் வெளித்தோலில் பட்டவுடன் எரிகிறதா என்று ஒரு பெண் தனக்குள் கேட்டுப் பார்த்தாலே பாதி வழி தெளிந்துவிடும். முன்னது சிறுநீர்த் தொற்றாக இருக்கக்கூடும், அதற்குச் சிறுநீர்க் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, பார்த்துவிட்டு மருந்து எடுக்கலாம். பின்னது பெரும்பாலும் தோலின் சங்கதி. அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் எரிச்சல் தீராதது மட்டுமல்ல, உடலில் இயல்பாக இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து புதிதாகப் பூஞ்சையும் வந்து சேரலாம். எனக்கு இரண்டாவது சீட்டுக்குப் பிறகு அப்படித்தான் வந்தது என்று இப்போது ஊகிக்கிறேன்.

பூஞ்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊரில் இந்த இடத்தில் எது வந்தாலும் முதலில் சந்தேகிக்கப்படுவது அதுதான். அது அடிக்கடி வரும் நோய்தான், தயிர்த்திரி போன்ற வெள்ளையோடும் அரிப்போடும் வரும், ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றிலேயே பலருக்கு அடங்கியும் விடும். அடங்காமல் மூன்றாவது முறையும் அதே மாத்திரையை எழுதும்போதுதான் கேள்வி எழ வேண்டும். ஒரு பஞ்சுக்குச்சியில் கசிவை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இருக்கிறதா என்று சில நிமிடங்களில் தெரியும். அமிலத்தன்மையைக் காட்டும் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தால் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு 4.5-ஐத் தாண்டுகிறதா என்று தெரியும், தாண்டினால் பூஞ்சையைவிட வேறு தொற்றுக்கே வாய்ப்பு அதிகம். கல்ச்சர் செய்தால் எந்த இனப் பூஞ்சை என்பதும் தெரியும், சில இனங்களுக்கு அந்த மாத்திரை சரியாகக் கேட்பதில்லை. எனக்கு இந்தச் சோதனைகள் கடைசியில் செய்யப்பட்டபோது பூஞ்சை இல்லை என்று வந்தது. ஐந்து சீட்டுகளும் இல்லாத பூஞ்சைக்கு எழுதப்பட்டவையா, அல்லது இருந்து போன பூஞ்சைக்கா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

சர்க்கரை நோயுள்ள பெண்களுக்கு இங்கே ஓர் இடைக்குறிப்பு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்வதால் இப்போது பலருக்கும் எழுதப்படுகின்றன. ஆனால் சர்க்கரை கலந்த சிறுநீர் படும் தோலில் பூஞ்சை எளிதில் வளரும். இந்த மாத்திரை தொடங்கியபின் எரிச்சலும் அரிப்பும் வந்தவர்கள், தாமாக நிறுத்திவிடாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

என் கதைக்குத் திரும்புகிறேன். சீட்டுகள் பலிக்காமல் போனபோது நானே வைத்தியம் பார்த்தேன். முதலில் வெந்நீரில் கிருமிநாசினி விட்டுக் கழுவினேன், பிறகு வேப்பிலைக் கஷாயம், பிறகு மஞ்சள், அதன்பின் வாசனைப் பவுடர். காந்தும் தோலுக்கு இவை ஒவ்வொன்றும் புண்ணில் தேய்த்த உப்பு என்பது அப்போது தெரியவில்லை. சோப்பு, கிருமிநாசினி, வாசனை சேர்த்த நாப்கின், உள்ளாடையில் தங்கிய சோப்புத்தூள் ஆகியவற்றாலேயே ஒவ்வாமை எரிச்சல் வந்து மாதக்கணக்கில் நீடிக்கும் பெண்கள் உண்டு. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரில் மட்டும் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசனையற்ற வாஸ்லினோ தேங்காயெண்ணெயோ மெல்லியதாகத் தடவி வந்தால் அவர்களில் பலருக்கு அதுவே போதும். சுத்தம் போதாததால் வந்த நோய் என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பவர்கள்தான் நம்மில் அதிகம்.

அடுத்து மருந்துக்கடைக் களிம்பு. படர்தாமரைக்கு எல்லோரும் வாங்கும் அந்த டியூபில் வீரியமான ஸ்டீராய்டும், பூஞ்சை மருந்தும், ஆன்டிபயாடிக்கும் ஒன்றாகக் கலந்திருக்கும். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று விதி இருந்தும், பெயரைச் சொன்னால் கடையில் எடுத்துத் தந்துவிடுகிறார்கள். பூசிய நான்கு நாள் சுகமாக இருக்கும், ஐந்தாம் நாள் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். பூஞ்சை உள்ள தோலில் ஸ்டீராய்டு பட்டால் அது பரவவும் செய்யும், உருவம் மாறிப் பார்ப்பவரை ஏமாற்றவும் செய்யும்.

பன்னிரண்டாவது மருத்துவர் ஒரு பெண்மணி. எந்த மருத்துவமனை என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. அவர் முதலில் கேட்ட கேள்வி, ‘எங்கே எரிகிறது, விரலால் காட்ட முடியுமா?’ என்பது. பிறகு கதவைத் தாழிட்டு, செவிலியை அருகில் நிறுத்தி, விளக்கைத் திருப்பி, ஒரு கைக்கண்ணாடியை என்னிடம் தந்து, ‘நீங்களும் பாருங்கள்’ என்றார். 61 வயதில் என் உடம்பின் அந்தப் பகுதியை நான் முதன்முறையாகப் பார்த்தேன். இதழ்கள் மெலிந்து, வெளுத்து, சிகரெட் தாளைக் கசக்கி விரித்தது போலச் சுருக்கம் விழுந்து, இரண்டு இடங்களில் வெடித்தும் இருந்தன. அதற்கு லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று பெயர் சொன்னார். மரத்துப்போகும் ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் அளவே தோலை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பியதில் அது உறுதியானது.

இது தொற்று நோயல்ல. யாரிடமிருந்தும் வருவதல்ல, யாருக்கும் பரவுவதுமல்ல, ஒழுக்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் தோலையே தாக்குவதால் வருவதாகக் கருதப்படுகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களிடமும், பூப்பெய்தாத சிறுமிகளிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. வெளுப்பைக் கண்டு வெண்புள்ளி என்று சிலர் விட்டுவிடுவார்கள், ஆனால் வெண்புள்ளி பொதுவாக அரிக்காது, அதில் தோலின் தன்மையும் மாறாது. கவனிக்காமல் விட்டால் இதழ்கள் ஒட்டி வாயில் குறுகும், நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கு அந்த இடத்தில் புற்றுநோயும் வரக்கூடும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறையாவது காட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு மருந்து க்ளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பு. கடை டியூபில் எந்த ஸ்டீராய்டு இருந்து என்னைக் கெடுத்ததோ, அதே வகை மருந்து தனியாக, அளவோடு, சரியான நோய்க்குச் சரியான இடத்தில் பூசப்பட்டபோது என்னைக் காப்பாற்றியது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பாகவே இருக்கிறது. முதல் மாதம் தினம் இரவு, இரண்டாம் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை. மூன்று மாதத்துக்கும் சேர்த்து முப்பது கிராம் போதும் என்றார். ஸ்டீராய்டு என்ற சொல்லுக்குப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்களுக்குத்தான் நோய் திரும்புகிறது என்றும் எச்சரித்தார்.

அரிப்பு போயிற்று, வெடிப்புகள் ஆறின. எரிச்சல் பாதிதான் போயிற்று. இந்த இடத்தில்தான் பலருக்கும் மருத்துவத்தின் மீதிருக்கும் நம்பிக்கை முறிந்துவிடுகிறது. தோல் ஆறிவிட்டது, சோதனைகள் சரியாக இருக்கின்றன, பிறகு எரிகிறதென்றால் மனக்கற்பனைதான் என்று சொல்லிவிடுகிறார்கள், அல்லது நாமே சொல்லிக்கொள்கிறோம். அந்த மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. ஈரமான பஞ்சுக்குச்சியால் தொடையிலிருந்து தொடங்கி உள்நோக்கி, கடிகாரத்தின் எண்களைப் போல ஒவ்வோர் இடமாக மெல்லத் தொட்டு, வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டு ஒரு படத்தில் குறித்துக்கொண்டே வந்தார். வாயிலின் கீழ்ப்பக்கத்தில், ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் உரிய இடங்களில், பஞ்சு பட்டதே எனக்கு ஊசி குத்தியதாக இருந்தது. இப்படித் தெளிவான காரணம் காணப்படாமல் குறைந்தது மூன்று மாதங்கள் நீடிக்கும் வல்வா வலியை வல்வோடினியா என்கிறார்கள். 2015-இல் உலகின் இத்துறை மருத்துவச் சங்கங்கள் கூடி வகுத்த வரையறை அது. லைக்கன் ஸ்கிளிரோசஸ் போன்றதொரு நோயும் இதுவும் ஒரே பெண்ணிடம் சேர்ந்தும் இருக்கலாம் என்றும் அதே வரையறை சொல்கிறது. நீண்ட நாள் வலியைச் சுமந்த நரம்புகள், காரணம் போனபிறகும் வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன என்பது எனக்குச் சொல்லப்பட்ட விளக்கம். தீ அணைந்த பிறகும் அடுப்புக்கல் சுடுவது போல என்று நான் புரிந்துகொண்டேன்.

இது அபூர்வமான நோயும் அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழ நூற்றுக்குப் பதினாறு பெண்கள் வாழ்வில் எப்போதாவது மூன்று மாதமோ அதற்கு மேலோ இத்தகைய எரிச்சலையோ வலியையோ அனுபவித்ததாகக் கூறினார்கள். அவர்களில் நாற்பது விழுக்காட்டினர் மருத்துவரிடமே போகவில்லை, போனவர்களில் பலர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருத்துவர்களைப் பார்த்திருந்தார்கள். அங்கேயே அப்படியென்றால், பதினொன்று என்ற என் கணக்கு அவ்வளவு மோசமில்லை.

எனக்கு இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதப்பட்டது. அதற்குமுன் இசிஜி எடுத்தார்கள். இதயநோயோ கண் அழுத்தமோ உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மருந்துக்கடைத் தம்பி அட்டையைப் பார்த்துவிட்டு, ‘டீச்சர், இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கிறதுல்லா, உங்களுக்கு எதுக்கு?’ என்று பத்துப் பேர் நிற்கும்போது கேட்டான். அவன் சொன்னதில் பாதி உண்மை. அந்த மருந்து கூடிய அளவில் மனச்சோர்வுக்கும், குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படுகிறது. வாய் உலரும், மலச்சிக்கல் வரும், காலையில் கொஞ்சம் தூக்கக் கலக்கம் இருக்கும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மூன்று நாளில் பலனில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். இந்நோயில் அதன் பயன் எல்லா ஆய்வுகளிலும் ஒன்றுபோல நிரூபணமாகவில்லை என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. அத்துடன் 5 விழுக்காடு லிக்னோகெய்ன் களிம்பை வலியுள்ள இடத்தில் மட்டும் இரவில் தடவச் சொன்னார். முதல் சில நிமிடம் கூடுதலாகக் காந்திவிட்டுப் பிறகு மரத்துவிடும். மூன்றாவதாக இயன்முறைப் பயிற்சி, அதாவது பிசியோதெரபி. வலிக்குப் பயந்து இடுப்புத்தளத் தசைகள் எப்போதும் இறுகியே கிடக்கின்றன, அந்த இறுக்கமே வலியை வளர்க்கிறது. பிரசவத்துக்குப் பிறகு சொல்லித்தரும் இறுக்கும் பயிற்சிக்கு நேர்மாறாக, மூச்சோடு சேர்த்துத் தளர்த்தும் பயிற்சியைக் கற்றுக்கொண்டேன். எட்டு மாதத்தில், பத்துக்கு ஏழாக இருந்த என் வலி இரண்டுக்கு வந்திருக்கிறது. முற்றிலும் போய்விட்டதென்று பொய் சொல்ல மாட்டேன்.

என் கோப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்தவர்கள் இருவரைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி, சொல்லலாம் என்று எண்ணுகிறேன். ஒருத்தி மணமாகி ஓராண்டு முடிந்த பெண். ‘விசேஷம் உண்டா?’ என்று வீட்டில் மாதந்தோறும் கேட்கிறார்கள், அவளுக்கோ கணவன் தொட்டாலே வாயிலில் தீப்பட்டது போல வலி. அதை விருப்பமின்மை என்று இரு வீட்டாரும் தீர்த்து வைத்திருந்தார்கள். எனக்குப் பஞ்சுக்குச்சி பட்ட அதே இடங்களில்தான் அவளுக்கும் வலி என்பது சோதனையில் தெரிந்தது. இன்னொருத்தி ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுபவள், என் பழைய மாணவி. மடியில் சுளகை வைத்துக்கொண்டு காலை முதல் மாலைவரை தரையில் உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்தால் ஒருபக்கமாக எரியும், எழுந்து நின்றால் குறையும், கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்தால் தெரிவதே இல்லை, இரவுத் தூக்கத்தைக் கெடுப்பதுமில்லை என்றாள். இடுப்புக்குள் ஓடும் புடெண்டல் நரம்பு அழுந்துவதற்கு இவை பொருத்தமான அடையாளங்கள் என்று மருத்துவர் கூறி, நடுவில் குழிந்த இருக்கையும், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும், இயன்முறைப் பயிற்சியும் சொல்லியிருக்கிறார். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவள் அரைமணிக்கு ஒருமுறை எப்படி எழுவாள் என்ற அவளுடைய கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து தோல் உலர்வதாலேயே எரிச்சல் வரும் பெண்களும் பலர். பாலூட்டும் தாய்மாருக்கும் இது வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் அந்த இடத்திலேயே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு அவர்களுக்கு நல்ல பலன் தருகிறது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

அரசுக்கு என் கோரிக்கைகள் சிறியவை, செலவும் அதிகமில்லை. முப்பது வயதைக் கடந்த பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யப்படுகிறது. அந்த மேசையில் ஒரு பெண் ஏறிப் படுக்க எத்தனை தயக்கத்தைக் கடந்து வருகிறாள் என்பது அங்குள்ள செவிலியர்களுக்குத் தெரியும். கருவியை உள்ளே செலுத்தும் முன் வெளித்தோலை அரை நிமிடம் விளக்கில் பார்த்து, வெளுப்போ வெடிப்போ புண்ணோ இருந்தால் அட்டையில் ஒரு வரி எழுத வேண்டும் என்று உத்தரவிட்டால், என்னைப் போன்றவர்களுக்கு நான்கு ஆண்டுகள் மிச்சமாகும். 2021 முதல் வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பெண் பணியாளர்கள், சர்க்கரையுள்ள பெண்களிடம் ‘அரிப்போ எரிச்சலோ உண்டா?’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பெண்நோய், தோல்நோய், இயன்முறைப் பிரிவுகள் சேர்ந்து வாரத்தில் ஒரு பிற்பகல் கூட்டுப் புறநோயாளர் பிரிவு நடத்தினால், தென்காசியிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் பேருந்தேறி வரும் பெண் மூன்று வரிசைகளில் மூன்று முறை அதே கதையைச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய கூட்டுப் பிரிவுகள் இங்கிலாந்தில் நடைமுறையில் உள்ளன.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மகளிர் பகுதியில் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் எரிச்சலையும், வெளுப்பு, வெடிப்பு, ஆறாத புண், கட்டி ஆகியவற்றையும் மருத்துவரிடம் நேரில் காட்ட வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தையாவது நுங்கின் பெயருக்குப் பக்கத்தில் சேர்த்து வெளியிடுங்கள்.

கடிதத்தில் என் பெயரை அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இத்தனையும் எழுதிவிட்டுப் பெயரை மறைப்பது எனக்கே உறுத்துகிறது. ஆனால் பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், மருமகள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.